எம்.ஜி.பி. காரின் சஸ்பென்ஷனும் ஹேண்ட்லிங்கும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தின் அபிங்டன் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை தயாரான எம்.ஜி.பி. ஸ்போர்ட்ஸ் காரின் ரோட்ஸ்டருக்கும் (திறந்த கூரை வகை), 1965இல் வந்து சேர்ந்த ஜி.டி.க்கும் (மூடிய கூரை வகை) இந்தப் பக்கம் பொருந்தும். முன்னால் காயில் ஸ்பிரிங், கிங்பின் (முன் சக்கரம் இடமும் வலமும் திரும்பும் அச்சு), லீவர் ஆர்ம் ஷாக் அப்சார்பர் (ஆடும் கை ஒன்றை எண்ணெயால் அடக்கும் பழைய வகை). பின்னால் லீஃப் ஸ்பிரிங் (அடுக்கிய இரும்புப் பட்டைகள்) மேல் உட்கார்ந்த ஒரே ஆக்சில். ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரான கார் என்பதால் உதிரி பாகங்கள் இன்றும் தாராளமாகக் கிடைக்கின்றன. அதனாலேயே எதை முதலில் வாங்குவது என்ற குழப்பம் பலருக்கும் வருகிறது.

வளைவில் ரொம்பச் சாய்கிறது, நேர்ச் சாலையில் அலைகிறது. ஸ்பிரிங்கை மாற்றினால் சரியாகிவிடுமா?

சாய்வது ஓரளவு குறையலாம். அலைவது குறையாது, சில கார்களில் கூடவும் செய்யும்.

இரண்டுக்கும் காரணம் வேறு வேறு. நேர்ச் சாலையில் கார் அலைந்தால் தேய்ந்த கிங்பின், நசுங்கிப்போன விஷ்போன் புஷ் (சக்கரத்தைத் தாங்கும் கையின் மூட்டு ரப்பர்), வயதான டயர், தவறான டோ-இன் (முன் சக்கரங்கள் முன்பக்கம் உள்நோக்கித் திரும்பியிருக்கும் அளவு), பின் ஸ்பிரிங்கின் செத்துப்போன ரப்பர் ஆகிய ஐந்தில் ஒன்றோ பலவோ இருக்கும். கடினமான ஸ்பிரிங்கைப் போட்டால் சாலையின் அடி இன்னும் பலமாக அந்தத் தேய்ந்த இணைப்புகள்மேல் இறங்கும். அதனால் முதலில் டயர், பிறகு கிரீஸ், கிங்பின், புஷ்கள், பிறகு ஷாக் அப்சார்பர், அதன்பின் அலைன்மென்ட் என்று போங்கள். இவை எல்லாம் முடிந்து காரை ஓட்டிப் பார்த்த பிறகுதான் ஆன்டி ரோல் பாரையும் (வளைவில் சாய்வைக் குறைக்கும் குறுக்குக் கம்பி) ஸ்பிரிங்கையும் யோசிக்க வேண்டும். நல்ல நிலையில் இருக்கும் எம்.ஜி.பி. தொழிற்சாலை அமைப்பிலேயே அருமையாக வளையும். பலர் அந்தக் காரை ஓட்டிப் பார்க்காமலேயே மாற்றத் தொடங்கிவிடுகிறார்கள்.

குரோம் பம்பர் கார், ரப்பர் பம்பர் கார் என்று பிரித்துப் பேசுகிறார்களே, சஸ்பென்ஷனில் அப்படி என்ன வித்தியாசம்?

நிறைய இருக்கிறது. அமெரிக்காவின் பம்பர் உயர விதிக்காக 1974இன் பிற்பகுதியிலிருந்து ரப்பர் பம்பர் போட்டு, காரின் உயரத்தையும் கூட்டினார்கள்; அதற்கு முந்தையவைதான் குரோம் பம்பர் கார்கள். முன்னால் கிராஸ்மெம்பரையே (முன் சஸ்பென்ஷனைத் தாங்கும் குறுக்குச் சட்டம்) மாற்றினார்கள், பின்னால் வளைவு அதிகமான லீஃப் ஸ்பிரிங் வந்தது. எடை மையம் மேலே போனது. அதே வேளையில் ரோட்ஸ்டரின் முன் ஆன்டி ரோல் பாரையும் எடுத்துவிட்டார்கள். 1975, 1976 ரோட்ஸ்டர்கள்தான் வளைவில் மிக மோசமாகச் சாய்பவை. 1977 மாடலில் 5/8 அங்குல முன் பாரும் 11/16 அங்குலப் பின் பாரும் வந்து நிலைமையை மீட்டன.

ஆகவே உங்கள் கார் எந்த ஆண்டு என்பதை வைத்துத்தான் கீழே சொல்லும் எதையும் எடுத்துக்கொள்ள வேண்டும். குரோம் பம்பர் காருக்குத் தாழ்த்தும் வேலை பெரும்பாலும் தேவையே இல்லை. 1975 ரோட்ஸ்டருக்கு முன் பார் இல்லாமல் வேறு எதைச் செய்தாலும் பணம் வீண்.

கிங்பின் தேய்ந்திருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஜாக்கியைக் கிராஸ்மெம்பருக்கு அடியில் வைக்காமல் ஸ்பிரிங் உட்காரும் தட்டுக்கு அடியில் வைத்துச் சக்கரத்தைத் தூக்குங்கள். சக்கரம் தொங்கினால் ஸ்பிரிங் எல்லா இணைப்பையும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், ஆட்டம் தெரியாது. சக்கரத்தின் உச்சியையும் அடியையும் பிடித்து உள்ளும் வெளியுமாக ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் இன்னொருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். பிரேக் பிடித்ததும் ஆட்டம் போய்விட்டால் அது வீல் பேரிங். பிரேக் பிடித்தபின்னும் இருந்தால் கிங்பின் புஷ்ஷோ, மேல் கீழ் டிரனியன்களோ (கிங்பின்னின் இரு முனைகளையும் விஷ்போன்களோடு இணைக்கும் மூட்டுகள்) தேய்ந்திருக்கின்றன. எது என்று பார்க்க, இன்னொருவர் ஆட்டும்போது மேல் டிரனியனிலும் கீழ் டிரனியனிலும் விரலை வைத்துப் பாருங்கள். அசையும் இடம் விரலுக்குத் தெரிந்துவிடும்.

டிராக் ராட் (ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் தண்டு) முனையைக் கழற்றிவிட்டுச் சக்கரத்தை இடமும் வலமும் கையால் திருப்பிப் பார்ப்பதும் அவசியம். ஒரே சீராகத் திரும்ப வேண்டும். ஓரிடத்தில் இறுகினால் கிங்பின் கிரீஸ் இல்லாமல் பிடித்திருக்கிறது. வளைவு முடிந்தபின் ஸ்டீயரிங் தானாக நடுவுக்கு வராத கார்களில் பெரும்பாலும் இதுதான் காரணம்.

புதிய புஷ்ஷை அழுத்திப் போட்டால் வேலை முடியாது. மேல் புஷ்ஷும் கீழ் புஷ்ஷும் ஒரே நேர்க்கோட்டில் வரும்படி ரீமர் (துளையைத் துல்லியமாகக் கடையும் கருவி) போட வேண்டும், புஷ்ஷின் கிரீஸ் துளை ஸ்டப் ஆக்சிலின் (சக்கரம் சுழலும் குட்டை அச்சு) துளையோடு பொருந்த வேண்டும். துளை தப்பிப்போய் கிரீஸே ஏறாத புதுக் கிங்பின் ஒரு வருடத்தில் பழையதைவிட மோசமாகிவிடும். ரீமர் இல்லாதவர்கள், புஷ் போட்டு ரீமர் செய்து வரும் எக்ஸ்சேஞ்ச் ஸ்டப் ஆக்சிலை வாங்குவதே மேல். கூடவே விஷ்போன் கைகளின் வெளிமுனைத் துளைகளையும் பாருங்கள். கீழ் டிரனியன் போல்ட் தளர்ந்து ஓடிய காரில் அவை நீள்வட்டமாகத் தேய்ந்திருக்கும். அப்படிப்பட்ட கையை இறுக்கிச் சமாளிக்க முடியாது, மாற்றியே ஆக வேண்டும்.

கிரீஸ் எவ்வளவு நாளைக்கு ஒருமுறை?

3,000 மைலுக்கு ஒருமுறை. குறைவாக ஓடும் காராக இருந்தால் ஆண்டுக்கு இரண்டு முறை, அதில் ஒன்று குளிர்காலத்துக்காகக் காரை மூடி வைப்பதற்கு முன். ஒவ்வொரு கிங்பின்னிலும் மூன்று நிப்பிள் (கிரீஸ் ஏற்றும் முனை) உண்டு. சக்கரம் தரையிலிருந்து எழும்பியிருக்கும்போது அடியுங்கள். பாரம் இருக்கும்போது அடித்தால் அழுத்தம் விழும் பக்கத்துக்குக் கிரீஸ் போகாது. பழைய கறுப்புக் கிரீஸ் வெளியே வந்து, புதுசு எட்டிப் பார்க்கும்வரை அடிக்க வேண்டும். கீழ் நிப்பிளில் ஏறவில்லை என்றால் நிப்பிளைக் கழற்றிப் பாதையைச் சுத்தம் செய்யுங்கள். மேலே நன்றாக ஏறுகிறதே என்று விட்டுவிடக் கூடாது, முதலில் தேய்வது கீழ் டிரனியன்தான்.

ஸ்டீயரிங் ராக்குக்குக் கிரீஸ் அடிக்காதீர்கள். அதற்குள் இருக்க வேண்டியது கியர் எண்ணெய். கெட்டிக் கிரீஸை உள்ளே தள்ளினால் அது ஒரு மூலையில் உறைந்து நிற்கும், பல்சக்கரம் வறண்டு ஓடும்.

வீல் பேரிங்கை எவ்வளவு இறுக்க வேண்டும்?

இந்தக் காரின் முன் ஹப்பில் இரு பேரிங்குகளுக்கும் நடுவே ஒரு ஸ்பேசர் குழாயும் ஷிம்களும் (மெல்லிய தகட்டு வளையங்கள்) உண்டு. ஆட்டத்தைத் தீர்மானிப்பது ஷிம்களின் தடிமன். ஹப்பின் முன்பின் ஆட்டம் 0.002 முதல் 0.004 அங்குலம் வரை இருக்கும்படி ஷிம் சேர்த்து, நட்டை 40 முதல் 70 பவுண்டு-அடிக்குள் பிளவு ஊசித் துளை பொருந்தும் இடத்தில் நிறுத்த வேண்டும். ஸ்பேசரைத் தூக்கிப் போட்டுவிட்டு மற்ற கார்களைப் போல நட்டாலேயே ஆட்டத்தைச் சரி செய்யும் வழக்கம் சில பட்டறைகளில் இருக்கிறது. ஸ்பேசர் ஸ்டப் ஆக்சிலுக்கே பலம் கொடுக்கும் பாகம். அதை எடுத்தால் கடும் வளைவில் ஆக்சில் வளையும் அளவு கூடும். பழைய கார் வாங்கியவர்கள் ஒருமுறை ஹப்பைக் கழற்றி அது உள்ளே இருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.

விஷ்போன் புஷ்ஷுக்கு ரப்பரா, பாலியூரிதேனா, வி8 புஷ்ஷா?

சாலையில் ஓட்டும் காருக்கு எங்கள் தேர்வு வி8 புஷ். 1973இல் வந்த ஜி.டி. வி8 காருக்காகத் தொழிற்சாலையே போட்டது. வெளியே ஓர் இரும்பு உறை, உள்ளே ஓர் இரும்பு உறை, நடுவில் இரண்டோடும் ஒட்டிய ரப்பர். சாதாரண எம்.ஜி.பி.யின் உறையில்லாத ரப்பர் பிரேக் பிடிக்கும்போது நசுங்கி விஷ்போனைப் பின்னுக்குத் தள்ளவிடும். வி8 புஷ் அதைத் தடுத்துவிடுகிறது, ஆனால் சாலையின் அதிர்வை உள்ளே விடுவதில்லை. ஒரு காருக்கு 4 புஷ் போதும். இந்தக் காருக்குக் கொடுக்கும் காசுக்கு இவ்வளவு பலன் தரும் மாற்றம் வேறு இல்லை.

பாலியூரிதேன் இன்னும் கெட்டியாக இருக்கும், எண்ணெய் பட்டாலும் ஊறாது, கையாலேயே பொருத்திவிடலாம். ஆனால் உலர்ந்தால் கீச்சிடும், கெட்டி ரகத்தைப் போட்டால் குண்டும் குழியுமான சாலையில் உடம்பு நோகும். பொருத்தும்போது சிலிக்கான் கிரீஸ்தான் தடவ வேண்டும். மேல் டிரனியனுக்கு மட்டும் பாலியூரிதேன் போடுவது நல்ல யோசனை, ஏனென்றால் அங்கே இருக்கும் சிறிய ரப்பர் சீக்கிரம் நைந்துவிடும்.

வி8 புஷ்ஷைப் போடும்போது இரண்டு விஷயத்தில் கவனம் வேண்டும். முதலாவது, விஷ்போன் கண்ணுக்குள் பெயின்டோ துருவோ துளியும் இருக்கக் கூடாது. கண்ணைச் சுத்தம் செய்து, விளிம்பை அரத்தால் லேசாகச் சரித்து, சோப்புத் தண்ணீர் தடவி, வைஸில் நேராக அழுத்துங்கள். கோணலாக ஏறினால் உறை கிழியும். சுத்தியல் வேண்டாம். இரண்டாவது, அதைவிட முக்கியமானது: பிவட் நட்டுகளின் கடைசி இறுக்கம் கார் தன் வழக்கமான உயரத்தில் நிற்கும்போதுதான். சக்கரம் தொங்கும்போது இறுக்கினால், காரை இறக்கியதும் ரப்பர் நிரந்தரமாக முறுக்கிய நிலையில் நிற்கும். காரின் மூக்கு உயர்ந்து தெரியும், சில மாதங்களில் ரப்பர் உறையிலிருந்து பிய்ந்துவிடும். "வி8 புஷ் சீக்கிரம் போய்விடுகிறது" என்று சொல்பவர்களின் காரைப் பார்த்தால் பெரும்பாலும் இப்படித்தான் இறுக்கியிருப்பார்கள். தரையில் இறக்கியபின் கை போகவில்லை என்றால் ஸ்பிரிங் தட்டுக்கு அடியில் ஜாக்கி வைத்து, சேஸி ஸ்டாண்டிலிருந்து மயிரிழை எழும்பும்வரை தூக்கி, அந்த நிலையில் இறுக்கலாம்.

முன் ஸ்பிரிங்கை வீட்டிலேயே கழற்றலாமா?

கழற்றலாம், அவசரமில்லாமல் செய்தால். ரோட்ஸ்டரின் முன் ஸ்பிரிங் ஒவ்வொன்றும் 400 கிலோவுக்கு மேல் பாரத்தைத் தாங்கி அமுங்கி நிற்கிறது. அது தெறித்தால் கை போகும்.

கை பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, முன் சேஸி நீளத்தூண்களுக்கு அடியில் இரண்டு பக்கமும் ஸ்டாண்ட் கொடுங்கள். சக்கரத்தைக் கழற்றுங்கள். பிரேக் காலிப்பரை எடுத்துக் கம்பியால் கட்டித் தொங்கவிடுங்கள், ஹோஸ் பாரம் தாங்கக் கூடாது. டிராக் ராட் முனையையும் ஆன்டி ரோல் பார் இணைப்பையும் விடுவியுங்கள். டிராலி ஜாக்கியை ஸ்பிரிங் தட்டின் நடுவில் வைத்து, ஷாக் அப்சார்பர் கை அதன் ரப்பர் தடையிலிருந்து எழும்பும்வரை தூக்குங்கள். இப்போது மேல் டிரனியன் ஊசியைத் தட்டி எடுக்கலாம். ஹப்பைத் தொகுப்பாகப் பிடித்துக்கொண்டு ஜாக்கியை அங்குலம் அங்குலமாக இறக்குங்கள். தட்டு கீழே போகப் போக ஸ்பிரிங் தளர்ந்து கடைசியில் கையோடு வந்துவிடும். இறக்கும்போது ஜாக்கி உருள்வதற்கு வழி இருக்க வேண்டும், தட்டு வட்டமாக வளைந்துதான் கீழே போகும். மணல், சரளைத் தரையில் இந்த வேலை வேண்டாம். ஸ்பிரிங்குக்கு நேர் எதிரே முகத்தை வைக்கவும் கூடாது.

லீவர் ஆர்ம் ஷாக் அப்சார்பர் பழைய காலத்துச் சாமான், அதை எடுத்துவிட்டு டெலஸ்கோபிக் (குழாய்க்குள் குழாய் நகரும் வகை) போட வேண்டாமா?

நல்ல நிலையில் இருக்கும் லீவர் ஆர்ம் சாலை ஓட்டத்துக்குப் போதும். தேய்ந்த லீவர் ஆர்மையும் புதிய டெலஸ்கோபிக்கையும் ஒப்பிட்டுத்தான் பலர் தீர்ப்பு சொல்கிறார்கள்.

சோதிக்க, பின்பக்கம் இணைப்புத் தண்டைக் கழற்றிவிட்டுக் கையை மெதுவாக மேலும் கீழும் முழு தூரத்துக்கு நகர்த்துங்கள். இரு திசையிலும் ஒரே சீரான எதிர்ப்பு இருக்க வேண்டும். நடுவில் ஓரிடத்தில் சட்டென்று இலகுவாகப் போனால் எண்ணெய் குறைந்து காற்று புகுந்திருக்கிறது. மூடி ஆணியைச் சுற்றிப் பிரஷ்ஷால் நன்றாகச் சுத்தம் செய்துவிட்டுத் திறந்து, ஷாக் அப்சார்பர் எண்ணெயோ 20 கிரேடு ஃபோர்க் எண்ணெயோ துளையின் அடி விளிம்புவரை ஊற்றி, கையைப் பல முறை அசைத்துக் காற்றை வெளியேற்றி, மறுபடி நிரப்புங்கள். ஒரு மணல் துகள் உள்ளே விழுந்தால் வால்வு மூடாது. தண்டின் சீல் வழியே எண்ணெய் ஒழுகினால் நிரப்பிப் பயனில்லை, ரீகண்டிஷன் செய்ததை வாங்குங்கள். பெயின்ட் அடித்து மினுக்கியதையும் ரீகண்டிஷன் என்று விற்பார்கள். வாங்கும்போது கையை அச்சின் திசைக்குக் குறுக்காக அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் உள்ளே பேரிங்கைத் தொடவே இல்லை.

முன்பக்கம் இது இன்னும் முக்கியம். அங்கே ஷாக் அப்சார்பரின் கைதான் மேல் விஷ்போன். அதன் பேரிங் தேய்ந்தால் சக்கரத்தின் கேம்பரே (செங்குத்திலிருந்து சாயும் அளவு) தள்ளாடும். அதோடு அதைக் கிராஸ்மெம்பரில் பிடிக்கும் நான்கு போல்ட்டுகள் தளரும் பழக்கம் உள்ளவை. பிரேக் பிடிக்கும்போது 'டொக்' என்று கேட்டால் முதலில் அவற்றை 43 முதல் 45 பவுண்டு-அடிக்கு இறுக்கிப் பாருங்கள். மரை பிய்ந்திருந்தால் கம்பிச் சுருள் மரை போட்டுச் சரி செய்யலாம்.

அப்படியானால் டெலஸ்கோபிக் யாருக்கு?

வேகமாக ஓட்டுபவர்களுக்கு, மலைச்சாலைகளில் நெடுநேரம் ஓட்டுபவர்களுக்கு, டிராக்கில் இறங்குபவர்களுக்கு. லீவர் ஆர்மில் எண்ணெய் கொஞ்சம்தான், சூடானால் எதிர்ப்பு குறையும். டெலஸ்கோபிக் அவ்வளவு சீக்கிரம் தளராது, கடினத்தையும் திருகி மாற்றிக்கொள்ளலாம். எம்.ஜி. நிறுவனமே 1990களில் ஆர்வி8 காரைச் செய்தபோது லீவர் ஆர்மை விட்டுவிட்டு டெலஸ்கோபிக்குக்குப் போனது.

மலிவான முன்பக்க கிட்டுகளில் பழைய லீவர் ஆர்ம் விஷ்போனாக அப்படியே இருக்கும், வால்வை மட்டும் எடுத்துவிட்டுப் பக்கத்தில் டெலஸ்கோபிக்கைப் பொருத்துவார்கள். பேரிங் தேய்ந்த லீவர் ஆர்மில் இதைச் செய்தால் அந்த ஆட்டம் அப்படியே இருக்கும். மேல் விஷ்போனையே புதிதாகத் தரும் கிட்டுகள் விலை கூடியவை, ஆனால் அவைதான் வேலையை முழுமையாகச் செய்கின்றன. பின்பக்க கிட்டில் பிராக்கெட்டின் கோணத்தைப் பாருங்கள். ஷாக் அப்சார்பர் ரொம்பச் சாய்ந்து நின்றால் பாதி பலன் போய்விடும். ஆக்சில் முழுதாக மேலே வரும்போது ஷாக் அப்சார்பர் அடித்தட்டுவதற்கு முன் ரப்பர் பம்ப் ஸ்டாப் தொட்டாக வேண்டும், இதைக் கட்டாயம் அளந்து பாருங்கள்.

திருகும் வகையில் எல்லோரும் செய்யும் தவறு, மிகக் கடினமாக வைத்துவிடுவது. குறைந்த நிலையில் தொடங்கி, பாலத்தின் மேட்டைத் தாண்டியதும் கார் இரண்டாவது முறை குதிக்காத அளவுக்கு மட்டும் கூட்டுங்கள்.

ஆன்டி ரோல் பார் எந்த அளவு?

பழைய கார்களில் வந்தது 9/16 அங்குலம். சாலைக்கு 5/8 நல்லது, வேகமாக ஓட்டுபவர்கள் 3/4 போடலாம். 7/8 பந்தயத்துக்கானது. அதைச் சாலையில் போட்டால் ஒரு சக்கரம் குழியில் விழும்போது காரின் மூக்கே இழுபடும். கம்பியின் கடினம் விட்டத்தின் நான்காம் அடுக்கில் கூடும். அதனால் 9/16இலிருந்து 5/8 ஒன்றரை மடங்கு, 3/4 மூன்று மடங்குக்கு மேல். பார்வைக்குச் சின்ன வித்தியாசமாகத் தெரிவது ஓட்டும்போது பெரிதாகத் தெரியும்.

முன் பாரைத் தடிப்பாக்கினால் முன் டயர் சீக்கிரம் வழுக்க வேண்டும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. எம்.ஜி.பி.யில் அதற்கு எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு: சாய்வு குறைவதால் வெளிப்பக்கச் சக்கரம் நிமிர்ந்து நிற்கிறது, டயரின் முழு அகலமும் சாலையைத் தொடுகிறது. 3/4 வரை லாபம்தான் அதிகம்.

பின் பாரைப் பற்றி எச்சரிக்கை தேவை. தொழிற்சாலை பின் பார் வராத காரில் அதைச் சேர்த்தால் வளைவில் உள்பக்கப் பின் சக்கரத்தின் பாரம் குறையும், இந்தக் காரில் இருப்பது சாதாரண டிஃபரன்ஷியல் என்பதால் அந்தச் சக்கரம் வீணாகச் சுற்றும், ஈரச் சாலையில் வால் திடீரென்று வீசும். 1977 முதலான காரில் இருப்பதை அப்படியே விடுங்கள். மற்ற கார்களில் முன்னால் மட்டும் மாற்றுங்கள்.

கார் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. எந்த ஸ்பிரிங் காரணம்?

டயரை மாற்றினாலும் கணக்கு மாறாதபடி, சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்புவரை நான்கு மூலையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். சமதளத்தில், உள்ளே ஆளில்லாமல். பிறகு முன் கிராஸ்மெம்பரின் நட்ட நடுவில் ஜாக்கி வைத்து முன் சக்கரங்கள் தரையை விடும்வரை தூக்குங்கள். இப்போது சாய்வைத் தீர்மானிப்பவை பின் ஸ்பிரிங்குகள் மட்டும். சாய்வு இன்னும் இருந்தால் குற்றவாளி பின்னால் இருக்கிறது. சாய்வு மறைந்தால் முன்னால். டிஃபரன்ஷியலுக்கு அடியில் ஜாக்கி வைத்து இதையே எதிர்ப்பக்கமாகவும் சரிபார்க்கலாம். ஜாக்கியில் மட்டும் நிற்கும் காருக்கு அடியில் போகாதீர்கள். பிரிட்டனில் ஓட்டுநர் இருக்கை வலப்பக்கம் என்பதால் வலது பின் ஸ்பிரிங்தான் அதிகம் தொய்கிறது. மாற்றுவது இரண்டு பக்கமும் சேர்த்தே.

பின்பக்க லீஃப் ஸ்பிரிங்கில் என்ன செய்யலாம்?

முன் கண்ணில் ஒட்டு ரப்பர் புஷ், பின்னால் ஷேக்கில் (ஸ்பிரிங்கின் பின்முனையைப் பிடித்து ஆடும் இணைப்பு) ரப்பர்கள், ஆக்சிலுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே ரப்பர் மெத்தைகள். இந்த மெத்தைகளை யாரும் கவனிப்பதில்லை. அவை கரைந்துவிட்டால் ஆக்சில் ஸ்பிரிங்கின்மேல் முன்பின்னாக நகரும், ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது ஒரு பக்கமும் விடும்போது மறுபக்கமும் கார் இழுக்கும். பின் சக்கரங்கள் ஸ்டீயரிங்கைப் பிடித்துத் திருப்புவது போன்ற உணர்வு வந்தால் முதலில் அங்கே பாருங்கள்.

புது ஸ்பிரிங்கின் கண் போல்ட்டும் ஷேக்கில் நட்டுகளும் காரின் பாரம் இறங்கியபின்தான் கடைசி இறுக்கம் பெற வேண்டும், வி8 புஷ்ஷுக்குச் சொன்ன அதே காரணம். புது ஸ்பிரிங் முதலில் உயர்ந்து நிற்கும், சில நூறு மைல் ஓடியபின் அமரும். அதற்குள் தாழ்த்தும் கட்டையைத் தேடி ஓட வேண்டாம். பட்டைகளுக்கு நடுவே துரு ஏறிய ஸ்பிரிங் கல்லாக இறுகிவிடும். அதைக் கழற்றி, தேய்த்து, கிராபைட் கிரீஸ் தடவிப் பூட்டினாலே பின்பக்கம் மென்மையாகிவிடுவது உண்டு.

கிளட்சை வேகமாக விட்டால் பின்பக்கம் தடதடவென்று துள்ளுகிறதா? ஸ்பிரிங் எஸ் வடிவில் சுருண்டு விரிகிறது. சாதாரண எஞ்சினில் நல்ல ஸ்பிரிங்கும் நல்ல ரப்பரும் இருந்தால் இது வராது. சக்தி கூட்டிய எஞ்சின் என்றால் ஆன்டி டிராம்ப் பார் (ஆக்சில் முறுகாமல் பிடிக்கும் தண்டு) உதவும்.

எவ்வளவு தாழ்த்தலாம்?

ரப்பர் பம்பர் காரை முன்னும் பின்னும் 1 முதல் 1.5 அங்குலம். குரோம் பம்பர் காரை அதிகபட்சம் அரை முதல் முக்கால் அங்குலம், அதுவும் தேவை என்றால். தாழ்த்தத் தாழ்த்தக் கீழ் விஷ்போனின் வெளிமுனை மேலே ஏறும். அது கிடைமட்டத்தைத் தாண்டினால் ரோல் சென்டர் (கார் எதைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தக் கற்பனைப் புள்ளி) கிடுகிடுவென்று கீழே போய், தாழ்த்திய காரே உயரமான காரைவிட அதிகம் சாயும். டிராக் ராடின் கோணமும் மாறி, மேடு பள்ளத்தில் ஸ்டீயரிங் தானாக உதறும். பம்ப் ஸ்டாப்புக்கு இடைவெளி குறைந்து நடு வளைவில் ரப்பர் இடித்தால் டயர் ஒரே நொடியில் பிடியை விடும்.

முன்னால் ஸ்பிரிங்கின் உயரம் குறைவதுபோல் ஏறக்குறைய இரு மடங்கு கார் தாழும். கால் அங்குல ஷிம் அரை அங்குலத்தை மாற்றும் என்பதை மனதில் வைத்து வாங்குங்கள். ஸ்பிரிங்கை வெட்டுவது வேண்டாம், வெட்டிய முனை தட்டில் சமமாக உட்காராது. ரோட்ஸ்டருக்கு மலிவான வழி ஒன்று உண்டு: ஜி.டி.யின் தொழிற்சாலை முன் ஸ்பிரிங். ரோட்ஸ்டருடையது அங்குலத்துக்கு ஏறக்குறைய 350 பவுண்டு, ஜி.டி.யுடையது 480. நீளம் குறைவு என்பதால் உயரம் மாறாமல் கடினம் மட்டும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுகிறது.

பின்னால், ஸ்பிரிங்குக்கும் ஆக்சிலுக்கும் நடுவே 1 அங்குலக் கட்டை வைக்கலாம். நீளமான யூ-போல்ட் கட்டாயம். ஸ்பிரிங்கே தேய்ந்த நிலையில் இருந்தால் கட்டைக்குப் பதில் குரோம் பம்பர் காரின் ஸ்பிரிங்கைப் போடுவதுதான் சுத்தமான வேலை. முன் கிராஸ்மெம்பரைப் பழைய வகைக்கு மாற்றுவதும் நடக்கிறது, ஆனால் ஸ்டீயரிங் ராக்கும் தண்டின் கோணமும் சேர்ந்து மாற வேண்டும். காரைப் பிரித்துப் போட்டிருக்கும்போது மட்டும் யோசிக்க வேண்டிய வேலை அது.

அலைன்மென்டுக்கு என்ன எண்கள்?

தொழிற்சாலை அளவு: டோ-இன் 1/16 முதல் 3/32 அங்குலம், காஸ்டர் (கிங்பின் பின்னோக்கிச் சாயும் கோணம்) 7 டிகிரி, கேம்பர் 1 டிகிரி பாசிட்டிவ் (சக்கரத்தின் உச்சி வெளிப்பக்கம்). இந்த 1 டிகிரி குறுக்கு இழை டயர் காலத்து எண். ரேடியலுக்குப் பூஜ்யம் முதல் அரை டிகிரி நெகட்டிவ் வரை வைத்தால் வளைவில் முன்பக்கம் தெளிவாகக் கடிக்கும். கேம்பரை மாற்றத் திருகு எதுவும் இந்தக் காரில் இல்லை. மையம் விலகிய மேல் டிரனியன் புஷ் கொஞ்சம் தரும். நீளம் கூட்டிய கீழ் விஷ்போன் கைகள் 1 டிகிரிக்கு மேல் தரும்.

அகல டயர் போட்டபின் ஸ்டீயரிங் கனக்கிறது என்றால் 7 டிகிரி காஸ்டரும் ஒரு காரணம். கிராஸ்மெம்பர் ரப்பர்களோடு ஆப்புத் தகடு வைத்து அதைக் குறைக்கிறார்கள். 5 டிகிரிக்குக் கீழே போனால் நேர்ச் சாலையில் நிதானம் போய்விடும். அந்த வேலையில் கிராஸ்மெம்பரின் ரப்பர் மெத்தைகளையும் மாற்றிவிடுங்கள், பெரும்பாலும் அப்பளமாகியிருக்கும்.

டயரும் காற்றும்?

பக்கவாட்டில் பொறித்திருக்கும் நான்கு இலக்கத் தேதியை முதலில் பாருங்கள், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. பத்து வயது டயரில் தடம் எவ்வளவு இருந்தாலும் பிடி இருக்காது. 165 ஆர் 14 இந்தக் காருக்கு அழகாகப் பொருந்தும், ஸ்டீயரிங் இலகுவாக இருக்கும். 185/70 ஆர் 14 பிடி கூடுதல், விட்டமும் ஏறக்குறைய அதே. 175/70 போட்டால் விட்டம் 2 சென்டிமீட்டர் அளவு குறைந்து வேகமானி பொய் சொல்லும். அகல டயர் போடுமுன் பின் மட்கார்டின் இடைவெளியை இரண்டு பக்கமும் அளங்கள், பல கார்களில் இரண்டும் ஒன்றாக இருக்காது.

ரேடியலுக்குக் கையேடு சொல்வது முன்னால் 21, பின்னால் 24 பி.எஸ்.ஐ. சற்று வேகமாக ஓட்டுபவர்கள் இரண்டையும் 3, 4 கூட்டலாம், முன் பின் வித்தியாசத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஸ்போக் சக்கரம் என்றால் ஹப்பின் ஸ்ப்லைன் பற்கள் கூர்மையாகிவிட்டனவா என்று பாருங்கள். கூரான பல் தேய்ந்த பல்.

மாற்றங்களால் பிரிட்டனில் சட்டச் சிக்கல் வருமா?

40 வயதைத் தாண்டிய கார்களுக்கு 2018 மே முதல் கட்டாய எம்.ஓ.டி. (ஆண்டுத் தகுதி) சோதனை இல்லை, ஆனால் காரில் கணிசமான மாற்றம் இருக்கக் கூடாது. புஷ், ஸ்பிரிங், பார் போன்றவை அந்தக் கணக்கில் வருவதில்லை. சஸ்பென்ஷன் முறையையே மாற்றுவது, உதாரணமாகப் பின் ஆக்சிலை எடுத்துவிட்டுத் தனித்தனிச் சக்கர அமைப்பு போடுவது, வரக்கூடும். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு எல்லா மாற்றத்தையும் எழுத்தில் சொல்லிவிடுங்கள். விலக்கு இருந்தாலும் ஆண்டுக்கு ஒருமுறை சோதனைக்குக் கொண்டுபோவது நல்லது. அடியில் துருவைத் தட்டிப் பார்க்க இன்னொரு ஜோடிக் கண் கிடைக்கும், லீஃப் ஸ்பிரிங்கைப் பிடிக்கும் தகரம் உளுத்துப்போன காரில் மேலே சொன்ன எதுவும் பலிக்காது.

வேலை முடிந்தபின் எதை மறுபடி பார்க்க வேண்டும்?

ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றாதீர்கள். ஒன்றை மாற்றி, தெரிந்த ஒரே சாலையில், அதே டயர் அழுத்தத்தில் ஓட்டிப் பார்த்து, பிறகு அடுத்தது. இல்லாவிட்டால் எது கெடுத்தது, எது சரி செய்தது என்று பிரிக்கவே முடியாது. உயரம் மாறினால் டோ-இன் மாறியிருக்கும், மறுபடி வையுங்கள். முதல் 100 மைலில் ஷாக் அப்சார்பர் போல்ட்டுகளும் கீழ் டிரனியன் நட்டும், 500 மைலில் யூ-போல்ட்டுகளும் மீண்டும் இறுக்கம் கேட்கும், அடியிலிருக்கும் ரப்பர் மெத்தை அதற்குள் அமர்ந்திருக்கும்.